டாக்டர் படிப்பு: ஆறாம் வகுப்பிலேயே போட வேண்டிய கணக்கு

 

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு நாலைந்து பெற்றோராவது நீட் மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எவ்வளவு பணம் ஆகும்? டிரஸ்ட் எவ்வளவு தரும்?" இதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. அவற்றைக் கேட்க வேண்டிய ஆண்டுகள் அதற்குள் கடந்துபோயிருக்கின்றன.

2025 கோடையில் ஏரிப் பக்கம் சிறு கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். பிள்ளை நீட் தேர்வில் நன்றாகவே மதிப்பெண் எடுத்திருந்தது. பொதுவான முஸ்லிம் ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரி கிடைக்கும் அளவுக்கு அது போதாது. அரசுப் பள்ளிக்கூட மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் என்றால் இடம் கிடைத்திருக்கும். அந்தப் பிள்ளை 6, 7, 8 வகுப்புகள் அரசுப் பள்ளிக்கூடம், 11, 12 வகுப்புகளும் அரசுப் பள்ளிக்கூடம். ஆனால் 9, 10 வகுப்புகளை மட்டும் கீழே ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தது. அந்த இரண்டு வருடத்தால் ஒதுக்கீடு முழுவதும் கைவிட்டுப் போயிற்று. "நல்லா படிக்கிற பிள்ளை, தனியாரில் சேருங்கள்" என்று அன்று அவருக்கு யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த ஒதுக்கீட்டுச் சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. செய்தியாகப் படித்திருந்தேனே தவிர, அதன் நிபந்தனையைக் கவனித்துப் படிக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் காரணம். மருத்துவப் படிப்புக்கு என்ன தகுதி வேண்டும், என்ன சான்றுகள் வேண்டும், எவ்வளவு செலவு ஆகும் என்பதை, பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும் நாளிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். ஆறாம், ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

முதல் முடிவு: எந்தப் பள்ளிக்கூடம்?

2020-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளிக்கூட மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, யுனானி, ஹோமியோபதி முதலிய படிப்புகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்கப்படுகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது. அரசு 7.5 என்று முடிவு செய்தது. 2020 அக்டோபர் இறுதியில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதில் நாம் மனதில் பதிய வைக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, 6-ஆம் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை ஏழு ஆண்டுகளும் அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓர் ஆண்டு வெளியே போனாலும் தகுதி போய்விடும். நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடங்கள், கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளிக்கூடங்கள், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறைப் பள்ளிக்கூடங்கள் ஆகியவையும் அரசுப் பள்ளிக்கூடம் என்ற கணக்கில் வரும்.

இரண்டு, அரசு உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் இதில் வராது. பலரும் தவறுவது இங்கேதான். "அரசாங்கம்தானே சம்பளம் கொடுக்கிறது, அதுவும் அரசுப் பள்ளிக்கூடம்தான்" என்று நினைத்துவிடுகிறோம். நம் சமுதாயத்தார் நடத்தும் உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் பல ஊர்களில் நல்ல பெயரோடு நடக்கின்றன. விடுதி, தொழுகை, ஒழுக்கம் ஆகியவற்றுக்காக நம் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறோம். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அனுப்பினால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

மூன்று, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிக்கூடத்தில் இலவச இடம் பெற்று 8-ஆம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள், 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்தால் அவர்களுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. அப்படிச் சேர்ந்த பிள்ளைகள் நம் மஹல்லாவில் இருந்தால், எட்டாம் வகுப்பு முடியும்போது வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். சலுகையில் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள்.

இந்த ஒதுக்கீட்டில் வரும் மாணவருக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் முதலியவற்றை அரசே ஏற்கிறது. அங்கே ஆண்டுக்கு எத்தனை லட்சம் என்பதைப் பின்னால் பார்க்கும்போது இதன் அருமை தெரியும். இந்த ஒதுக்கீட்டுக்கான தகுதி மதிப்பெண்ணும் பொதுப் பட்டியலைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது.

இது தவிர, அரசுப் பள்ளிக்கூடத்தில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் 'புதுமைப்பெண்' திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இந்த ஆயிரம் ரூபாய் உண்டு. மருத்துவ ஒதுக்கீடுதான் அவர்களுக்கு இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது முடிவு: சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது?

2007-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு கிடைத்தது. மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்குள் இது வருகிறது. நூறு இடங்கள் என்றால் 31 பொதுப் போட்டிக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1.

நம் பிள்ளைக்கு 3.5 மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். நல்ல மதிப்பெண் எடுத்தால் பொதுப் போட்டியின் 31-இலேயே இடம் கிடைக்கும். அந்த இடம் 3.5-இல் கழியாது. நன்றாகப் படிக்கிற பிள்ளை மேலே ஏறினால், ஒதுக்கீட்டு இடம் அடுத்த பிள்ளைக்குக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஏறத்தாழ ஐயாயிரம் எம்.பி.பி.எஸ். இடங்கள் இருக்கின்றன. அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதியில் 3.5 சதவீதம் என்றால் மாநிலம் முழுவதுக்கும் சுமார் 150 இடங்கள். தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டிலும் இதே விகிதம் உண்டு. நம் திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, அன்று ஒரே நாளில் மாநிலத்தில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. அந்தப் பதினொன்றில் மட்டும் 1,450 இடங்கள் கூடின. தேனியும் மதுரையும் நமக்குப் பக்கம்தான். மலையிலிருந்து இறங்கினால் மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இந்த 3.5 சதவீதம் முஸ்லிம் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைப்பதில்லை. அரசுப் பட்டியலில் ஏழு பிரிவுகள் உள்ளன: அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட; பேசும் மொழி தமிழானாலும் உருதானாலும்), மாப்பிள்ளா, ஷேக், சையத். இந்தப் பெயர்களில் ஒன்று சான்றிதழில் இருக்க வேண்டும். வெறுமனே 'முஸ்லிம்' அல்லது 'இஸ்லாம்' என்று இருந்தால் அது மதத்தைச் சொல்கிறதே தவிர, பிரிவைச் சொல்லவில்லை. நம்மிடம் வந்த சிலருடைய பள்ளிக்கூடப் பதிவேட்டில் இப்படித்தான் இருந்தது. அத்தாவின் சான்றிதழில் 'ராவுத்தர்', பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் 'முஸ்லிம்' என்று இருந்தால் கலந்தாய்வு நேரத்தில் அலைச்சல்தான். சேர்க்கும்போதே, அல்லது இப்போதே, தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சரி செய்யுங்கள்.

மாநில ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டில் 2021 முதல் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் உண்டு. ஆனால் அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். கிரீமிலேயர் எனப்படும் வசதியான பிரிவில் வராதவர் என்றும் அதில் இருக்க வேண்டும். அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். மாநிலப் பட்டியலில் உள்ள பெயர்களெல்லாம் மத்தியப் பட்டியலிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணாமல், தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பெயரும் எழுத்தும்

நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும் தொல்லை இது. பிறப்புச் சான்றிதழில் ஒரு 'முகமது', ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டலில் ஒரு 'முஹம்மது', மதிப்பெண் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று. 'பாத்திமா'வுக்கு ஆங்கிலத்தில் நான்கு விதமான எழுத்துக்கூட்டல். ஓரிடத்தில் 'பேகம்' இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. முதலெழுத்து முன்னால் வந்திருக்கும், அல்லது அத்தாவின் பெயர் முழுதாகப் பின்னால் வந்திருக்கும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். அதன் பிறகு திருத்த வேண்டுமானால் தேர்வுத் துறை வரை போக வேண்டும். மாதக் கணக்கில் ஆகும். பத்தாம் வகுப்புப் பட்டியல் வந்ததும் ஆதாரை அதற்கு ஏற்றபடி மாற்றிவிடுங்கள்.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்), ஆங்கிலம் ஆகியவை படித்திருக்க வேண்டும். கணிதத்தோடு உயிரியல் உள்ள குரூப் எடுத்தால் பொறியியல் வாசலும் திறந்திருக்கும். மலைக் கிராமங்களில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் குரூப் இல்லை என்று வணிகவியலில் சேர்த்துவிடுகிறோம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் பக்கமுள்ள பெற்றோர் பத்தாம் வகுப்புப் பாதியிலேயே விசாரித்து, அறிவியல் குரூப் உள்ள அரசுப் பள்ளிக்கூடமும் விடுதியும் எங்கே என்று பார்த்துவிடுங்கள். மாவட்ட அளவில் அரசு நடத்தும் மாதிரிப் பள்ளிகளையும் கேட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். இது தகுதிக்கு மட்டும். தரவரிசை முழுக்க நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம்.

நீட் தேர்வு

நாடு முழுவதும் ஒரே தேர்வு. 180 கேள்விகள்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும். மொத்தம் 720. 2025-இல் தேர்வு நேரம் மூன்று மணி நேரம். தமிழிலும் எழுதலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். 2025-இல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய். அந்த விண்ணப்பத்தில் 'பி.சி. முஸ்லிம்' என்ற கட்டமே இருக்காது. பார்த்துப் பதற வேண்டாம். மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு இருந்து சான்றும் இருந்தால் ஓ.பி.சி., இல்லையென்றால் பொது என்று குறிக்க வேண்டும். மாநிலத்தின் 3.5 சதவீதத்தைக் கேட்பது பின்னால் மாநில விண்ணப்பத்தில்தான்.

தேர்வு 2024-இல் மே 5, 2025-இல் மே 4; இரண்டும் மே மாதத்தின் முதல் ஞாயிறு. மலையில் இருக்கும் நமக்கு இதன் பொருள் என்ன? அதுதான் சீசனின் உச்சம். கடை வைத்திருப்பவர், வண்டி ஓட்டுபவர், தங்கும் விடுதி நடத்துபவர் எல்லோருக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி வரும் நாட்கள். மலைப் பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். காலையில் புறப்பட்டு வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்பாதீர்கள். சனிக்கிழமையே இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள். அந்த ஒரு நாள் வியாபாரம் போனால் போகட்டும். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, 1.30-க்கு வாசலை மூடிவிடுவார்கள். அதன் பிறகு யார் சொன்னாலும் திறக்கமாட்டார்கள்.

பெண் பிள்ளைகளின் உடை பற்றித் தாய்மார்கள் அதிகம் கேட்கிறார்கள். முழுக்கை உடை கூடாது என்பது பொது விதி. ஆனால் மத வழக்கப்படி ஹிஜாப், புர்கா அணிந்து வருவோருக்கு அனுமதி உண்டு என்று தேர்வு முகமையின் அறிவிப்புக் கையேட்டிலேயே இருக்கிறது. நிபந்தனை, சோதனைக்காக மற்றவர்களைவிட முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்பது. குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். பெண் பணியாளர் தனி அறையில் சோதிப்பார். உலோக ஊசி, நகை, கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். அந்தக் கையேட்டுப் பக்கத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தால் வாசலில் வாக்குவாதம் இருக்காது.

பயிற்சிக்குத் தனியாரில் ஓராண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அரசுப் பள்ளிக்கூட மாணவர்களுக்கு அரசே இலவசமாக நீட் பயிற்சி தருகிறது. முதலில் தலைமை ஆசிரியரிடம் அதைக் கேளுங்கள்.

கலந்தாய்வும் சான்றுகளும்

நீட்டில் 'தகுதி' பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. தகுதி மதிப்பெண் மிகக் குறைவு. அதை எடுத்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். "பிள்ளை நீட் பாஸ்" என்று இனிப்புக் கொடுத்துவிட்டு, பிறகு இடம் இல்லை என்றதும் உடைந்துபோகும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிவு வந்தாலும் இடம் தானாக வராது. இரண்டு இடங்களில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீடு, எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு டெல்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு. தமிழ்நாட்டு இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. மாநில விண்ணப்பம் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். சில வாரங்களே அவகாசம். நீட் எழுதிய களைப்பில் இதைத் தவறவிட்டால் மதிப்பெண் இருந்தும் பயனில்லை.

இப்போதே ஒரு கோப்பில் சேர்க்க வேண்டியவை:

1. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ்.
2. ஏழு பிரிவுகளில் ஒன்றைக் குறிப்பிட்டு இ-சேவை வழியாகப் பெற்ற சாதிச் சான்றிதழ். பெற்றோரின் சாதிச் சான்றிதழும்.
3. 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று. 7.5 சதவீதம் கேட்போர், படித்த ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கூடத்திலும் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.
4. வெளி மாநிலத்தில் சில ஆண்டுகள் படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழ்.
5. குடும்பத்தில் தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கட்டணச் சலுகை கிடைக்கும். யாருக்குப் பயன்படுத்துவது என்று யோசித்துச் செய்யுங்கள்.
6. வருமானச் சான்றிதழ், ஆதார், நீட் நுழைவுச் சீட்டு, மதிப்பெண் அட்டை, விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தின் பிரதிகள்.

இப்போது செலவுக் கணக்கு

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. மொத்தம் ஐந்தரை ஆண்டுகள். அண்மை ஆண்டுகளின் நிலவரம் இது.

அரசுக் கல்லூரி: ஆண்டுக் கட்டணம் சுமார் 18,000 ரூபாய். விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் சமாளிக்கலாம் என்பது நம் பிள்ளைகளைப் பார்த்து நான் போட்ட கணக்கு.

தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு: ஆண்டுக்கு 4 லட்சத்து 35 ஆயிரம் முதல் நாலரை லட்சம். தனியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 5 லட்சத்து 40 ஆயிரம். விடுதி தனி. படிப்பு முடிய 25 லட்சத்தைத் தாண்டும்.

தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு: ஆண்டுக்கு சுமார் பதின்மூன்றரை லட்சம். கட்டணம் மட்டுமே 60 லட்சத்துக்கு மேல்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம்: ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல். முடிக்கும்போது ஒரு கோடி.

ஒரே பட்டம்தான். ஐந்து லட்சத்திலும் முடியும், ஒரு கோடியிலும் முடியும். எந்தப் பக்கம் போகிறோம் என்பதை முடிவு செய்வது பிள்ளையின் மதிப்பெண்ணும் மேலே சொன்ன சான்றுகளும்தான்.

வெளிநாட்டுக்குப் போகவும் நீட் தகுதி கட்டாயம். 2021-இல் வந்த விதிகளின்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அங்கேயே 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து உரிமத் தேர்வு. மறுபடி இங்கே 12 மாதப் பயிற்சி. அந்த உரிமத் தேர்வில் தேறாதவர்களே அதிகம். "25 லட்சத்தில் டாக்டர்" என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்வதில்லை.

இடைத்தரகர்கள் பற்றி ஒரு வார்த்தை. நிர்வாக ஒதுக்கீடு உட்பட எல்லா இடமும் கலந்தாய்வு வழியாகத்தான். நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "சீட் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யார் சொன்னாலும், அவர் ஐவேளை முன் வரிசையில் தொழுபவராக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

கடன், வட்டி, ஜகாத்

வங்கிக் கல்விக் கடன் உண்டு. சிறுபான்மையினருக்கான டாம்கோ நிறுவனமும் குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. வட்டி என்பதால் தயங்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. அந்தத் தயக்கம் ஈமானின் அடையாளம். அதைக் கேலி செய்பவன் நான் அல்ல. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: வட்டிக்கு அஞ்சுகிற நாம், வட்டியே தேவைப்படாத வழியை ஆறாம் வகுப்பிலேயே தேட வேண்டாமா? அரசுக் கல்லூரி இடத்துக்கும், 7.5 சதவீத இடத்துக்கும் கடன் தேவையில்லை. அலட்சியத்தால் அதைத் தவறவிட்டுவிட்டு, கடைசியில் வட்டியா படிப்பா என்று பிள்ளையை நிறுத்துவது நியாயமில்லை.

டிரஸ்ட் என்ன செய்யும்? ஜகாத் நிதி அதற்குரிய எட்டு வகையினருக்கு மட்டுமே. தகுதியுள்ள ஏழை மாணவருக்கு விண்ணப்பக் கட்டணம், தேர்வுப் பயணம், முதல் ஆண்டு விடுதி, புத்தகம் ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவுகிறோம். நிஸாபை எட்டிய குடும்பத்துக்கு ஜகாத் கிடையாது. அவர்களுக்கு வட்டியில்லாத அழகிய கடன். ஆனால் ஆண்டுக்கு நாலரை லட்சம், ஐந்து ஆண்டுக்கு என்றால் டிரஸ்டால் முடியாது. ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் ஐம்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை நிறுத்த வேண்டியிருக்கும். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கிடைக்காவிட்டால்?

எல்லோருக்கும் இடம் கிடைக்காது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உருது தெரிந்த பிள்ளைகள் அதையும் பார்க்கலாம். அதற்கும் சித்தாவுக்கும் நீட் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங், பார்மசி, ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கம் போன்றவற்றில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்துவருகிறது. நம் மலை மருத்துவமனைக்கு டாக்டர் மட்டுமல்ல, நர்சும் வேண்டும். பிள்ளையை முதலிலேயே "டாக்டர் இல்லையென்றால் ஒன்றுமில்லை" என்று அழுத்தாதீர்கள். மதிப்பெண் குறைந்த அன்று வீட்டில் யாரும் கடிந்து பேச வேண்டாம். அன்று பிள்ளையைத் தனியாகவும் விடாதீர்கள்.

மேலே சொன்ன அந்தச் சகோதரரின் மகள் இப்போது கீழே தங்கி மறுபடி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். 7.5 சதவீதம் அவளுக்கு இனி இல்லை, 3.5 இருக்கிறது, பொதுப் போட்டி இருக்கிறது. அவளுடைய தம்பி ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளிக்கூடம். அவனை மாற்ற வேண்டாம் என்று அத்தாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால், வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் இருப்பேன். சான்றிதழ் நகல்களைக் கொண்டு வந்தால் பெயர், பிரிவு, எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு மக்களுக்குப் பணி செய்யும் மனத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்